தங்கவயலின் மஞ்சள்: தூரிகையால் பூசும் அக்ரிலிக் வண்ணம் மூடுவது எப்படி

பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசத் தொடங்குவோர் அனைவரும் முதலில் சந்திக்கும் சிக்கல் ஒன்றே; பூசிய வண்ணம் அடிப்பரப்பை முழுமையாக மறைக்காமல், ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் வெளிறியும், தூரிகை சென்ற தடங்கள் கோடுகோடாகத் தெரியும்படியும் திட்டுத்திட்டாக நிற்கிறது. அடிப்பரப்பை மறைக்கும் ஆற்றலை மூடுதிறன் எனலாம். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் "இது ஒரு கோட்டில் மூடாது" என்று, அதாவது ஒரே பூச்சில் மறையாது என்று, சொல்லும்போது இந்த ஆற்றலையே குறிக்கிறார்கள். மூடவில்லை என்று கண்டதும் வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து மேலே அப்புவது பழகாத கையின் இயல்பு. சிறு மாதிரிகளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பிழை வேறில்லை. மூடுதிறன் என்பது ஒரு பூச்சின் தடிமனால் வருவதன்று. தக்க அடிநிறத்தின் மேல் மெல்லிய பூச்சுகள் பலவற்றை, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக இடும் ஒழுங்கினால் வருவது.

இந்தப் பொருளைக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வைத்து ஆராய்வது பொருத்தமாக இருக்கும். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரையிலான ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் இங்கே எடுக்கப்பட்டது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வேலை தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் உழைப்பே அதில் பெரும்பங்கு. இன்று ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சாம்பியன் ரீஃப் வழியாக மாரிக்குப்பம் வரை செல்பவரின் கண்ணில், மாதிரி செய்வோருக்குத் தேவையான எல்லா வண்ணப் பாடங்களும் வரிசையாகப் படுகின்றன. சுரங்கக் குழிகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களின் சாம்பலும் துருவும் அவற்றில் ஒன்று. சயனைடு மேடுகள் என்று ஊரார் அழைக்கும் ஆலைக்கழிவுக் குன்றுகளின் வெளிறிய மண்நிறம் இன்னொன்று. 1964-ல் தொடங்கப்பட்டு, ஊரார் வாயில் 'பெமல்' என்று வழங்கும் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தங்கவயல் ஆலையிலிருந்து வெளிவரும் புல்டோசர்களிலும் எக்ஸ்கவேட்டர்களிலும் பளிச்சிடும் மஞ்சள் மூன்றாவது. இவை மூன்றிலும் சாம்பலும் துருவும் தூரிகைக்கு எளிதில் வசப்படுபவை. மஞ்சளோ பழகிய கையையும் சோதிப்பது. ஆகவே ஒரு பெமல் புல்டோசரின் மாதிரியை மனத்தில் கொண்டு, மஞ்சளால் மூடக் கற்றுக்கொண்டவருக்கு ஏனைய நிறங்கள் தாமாகவே கைவந்துவிடும்.

வண்ணம் எவ்வாறு மூடுகிறது என்பதை விளக்கச் சுண்ணாம்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, ஈரமாக இருக்கும் வரை பழைய சுவரின் கறைகள் அப்படியே தெரிகின்றன. காயக் காய அதே பூச்சு வெளுத்து, கறைகளை மறைத்துவிடுகிறது. சுண்ணாம்பின் அளவு கூடவில்லை, குறையவில்லை. மாறியது துகள்களுக்கு இடையில் இருந்த பொருள் மட்டுமே. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அளவுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, சுண்ணாம்புக்குச் சுமார் 1.6. துகளுக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இந்த எண்ணில் வேறுபாடு பெருகப் பெருக ஒளி அதிகமாகச் சிதறும்; சிதறிய ஒளி அடிப்பரப்பைச் சென்று தொடாமலே கண்ணுக்குத் திரும்பிவிடுவதால் அடிப்பரப்பு மறைகிறது. ஈரத்தில் துகளைத் தண்ணீர் சூழ்ந்திருந்தது, காய்ந்த பின் காற்று சூழ்ந்தது, வேறுபாடு கூடியது, சுவர் வெளுத்தது.

அக்ரிலிக் வண்ணத்தில் நிலைமை வேறு. அதில் நிறம் தரும் நுண்துகளான நிறமியும், அத்துகள்களைப் பிணைத்துப் பரப்போடு ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிசினும், இரண்டையும் தாங்கிச் செல்லும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியான பிறகு நிறமியைச் சூழ்ந்து நிற்பது காற்றன்று, பிசின். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. ஆகவே சுண்ணாம்பைப் போன்ற துகளை அக்ரிலிக்கில் கலந்தால் வேறுபாடு மிகக் குறைந்து, ஏறத்தாழக் கண்ணாடி போலவே நிற்கும். இந்தக் குறையைத் தீர்த்து வைத்த பொருள் டைட்டானியம் டைஆக்சைடு. அதன் ரூட்டைல் என்னும் படிக வடிவத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, வைரத்தின் எண்ணான 2.42-ஐவிட அது அதிகம். இன்று வெள்ளை என்று விற்கப்படும் ஏறத்தாழ எல்லா வண்ணங்களின் உயிரும் இதுவே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரைக் கருமணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இல்மனைட் என்னும் கனிமம்தான் இதன் மூலப்பொருள். அவ்வகை மணலிலிருந்து வெள்ளை நிறமி செய்வதற்கென்றே 1946-ல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. கன்னங்கரிய மணலிலிருந்து உலகின் மிகச் சிறந்த வெள்ளை பிறக்கிறது என்பது வண்ணத்தோடு பழகுவோர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி.

மஞ்சளுக்கு அத்தகைய வலிமை இல்லை. பளிச்சென்ற மஞ்சள்களில் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்களால் ஆன நிறமிகள். அவற்றின் ஒளிவிலகல் எண் பிசினின் எண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் ஒளியைச் சிதறடிக்காமல் ஊடுருவ விடுகின்றன. ஒருகாலத்தில் இயந்திரங்களுக்கும் சாலைக் குறியீடுகளுக்கும் பயன்பட்ட குரோம் மஞ்சள் நன்றாக மூடியது. ஆனால் அது ஈயம் கலந்த லெட் குரோமேட். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதால், இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பழைய தகர டப்பாவில் மிஞ்சிக் கிடக்கும் எனாமல் மஞ்சள் நன்றாக மூடுகிறதே என்று அதை மாதிரிக்குப் பயன்படுத்துவதும், காய்ந்த பின் தேய்த்துத் தூசி கிளப்புவதும், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், அறவே தவிர்க்கப்பட வேண்டியவை.

ஓவியர்களுக்கென விற்கப்படும் அக்ரிலிக் குழாய்களின் மேல் சிறு சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சதுரம் முழுதும் நிரம்பியிருந்தால் அவ்வண்ணம் நன்கு மூடும்; பாதி நிரம்பியிருந்தால் அரைகுறையாக மூடும்; வெறும் கோட்டுச் சதுரமானால் ஊடுருவித் தெரியும். அதனருகே நிறமியின் குறியீடும் இருக்கும், பி.ஒய். 74 என்றால் பெரும்பாலும் ஊடுருவும் தன்மை கொண்ட கரிம மஞ்சள், பி.ஒய். 42 என்றால் நன்கு மூடும் இரும்பு ஆக்சைடு மஞ்சள். யெல்லோ ஓக்கர் என்று குப்பியில் எழுதியிருக்கும் காவிமஞ்சள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. பளிச்சென்ற மஞ்சளோடு இதைச் சிறிதளவு கலந்தால் மூடுதிறன் கூடுவதோடு, பொம்மைக் கடை மஞ்சளாக இல்லாமல், வெயிலில் உழைக்கும் இயந்திரத்தின் சற்றே கனிந்த மஞ்சளும் கிடைத்துவிடுகிறது. வெள்ளை கலந்தாலும் மூடும். ஆனால் நிறம் எலுமிச்சைத் தோலைப்போல் வெளிறிவிடும்.

மஞ்சளில் குறை எளிதில் கண்ணில் படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைமஞ்சள் பகுதியில் உச்சத்தை அடைகிறது. தொலைவிலிருந்தே தெரிய வேண்டிய இயந்திரங்களுக்கு மஞ்சள் அடிப்பதும் அது கண்ணுக்கு இவ்வளவு எளிதில் எட்டுவதால்தான். பூச்சின் தடிமனில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வும் அதே காரணத்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

இனி, பூசப்படும் பரப்பைப் பார்க்கலாம். மாதிரிப் பெட்டிகளில் வரும் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகின்றன. தாமரை இலைமேல் தண்ணீர் உருள்வதைப் போல் அவ்வளவு மிகையாக இல்லாவிட்டாலும், வெறும் பாலிஸ்டைரீன் மேல் தண்ணீர் பரவாமல் முத்துமுத்தாகத் திரளும். தண்ணீரில் கரைத்த வண்ணமும் அப்படியே ஒதுங்கும். அச்சிலிருந்து பாகம் எளிதில் கழன்று வர இடப்படும் எண்ணெய்ப் பொருளின் மிச்சமும், கையாண்டவரின் விரல் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் வண்ணம் பிடிப்பதற்கு இடமே இல்லை. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாகங்களை மென்மையாகக் கழுவி, நிழலில் முழுதும் உலரவிடுவதே முதல் வேலை. பெரிய தட்டைப் பரப்புகளை 1000 எண்ணுக்கு மேற்பட்ட நைஸ் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு இலேசாகத் தேய்த்தால் வண்ணம் பற்றிக்கொள்ள நுண்ணிய சொரசொரப்பு கிடைக்கும்.

அதன் பிறகு பிரைமர், அதாவது பரப்புக்கும் வண்ணத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு. இதன் அருமையைத் தமிழ்நாட்டுக் கைவினை மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணியை ஒட்டி, சுக்கான்பொடியும் பசையும் சேர்ந்த பூச்சை இட்டு, அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் வண்ணமும் தங்கத்தகடும் வருகின்றன. பிளாஸ்டிக்குக்கென விற்கப்படும் பிரைமர் கேன் கிடைத்தால் திறந்த வெளியில் வைத்து மெல்லிய தூறலாக அடிக்கலாம். கிடைக்காதபோது தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரும் போதும். அது சாம்பலா, வெள்ளையா, கறுப்பா என்பதில்தான் மூடுதிறனின் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. மஞ்சளுக்கு அடியில் கறுப்போ கருஞ்சாம்பலோ இருந்தால், மெல்லிய மஞ்சள் பாசி படர்ந்ததைப் போன்ற பச்சை சாயலைப் பெறும். எத்தனை கோட்டு அடித்தாலும் அந்தச் சாயல் எளிதில் விலகாது. வெள்ளை அடிப்பூச்சு நன்று. ஆனால் மூலைகளில் விடுபட்ட வெள்ளை இடங்கள் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளையோடு காவிமஞ்சளைக் கலந்து சந்தன நிறத்தில் ஓர் அடிப்பூச்சு இடுவதும், சிலர் செய்வதுபோல் வெளிறிய ரோஸ் நிறத்தில் இடுவதும் இன்னும் சிறந்த முறைகள். சந்தன நிறம் மஞ்சளுக்கு உடன்பிறப்பு. விடுபட்ட இடமும் நிழலாகத் தெரியுமே தவிரக் குறையாகத் தெரியாது. அந்தப் பூச்சிலுள்ள டைட்டானியமும் இரும்பு ஆக்சைடும் மூடும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதால், மேலே வரும் மஞ்சளுக்குச் சாயம் தரும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. இந்தத் துறையில் ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் கற்க முடியுமென்றால் இதைத்தான் கற்க வேண்டும்.

மெல்லிய பூச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். 72-க்கு 1 என்ற அளவில் செய்த மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைப் பொருளில் 72 மில்லிமீட்டர். காய்ந்த பூச்சு 0.03 மில்லிமீட்டர் இருந்தால், அது உண்மை இயந்திரத்தின் மேல் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனில் பூசியதற்குச் சமம். கெட்டியாக அப்பிய வண்ணம் 0.1 மில்லிமீட்டரைத் தொட்டால் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலைப் போர்த்தியது போலாகும். போல்ட் தலைகளும், தகட்டு இணைப்புக் கோடுகளும், என்ஜின் மூடியின் காற்றுத் துளைகளும் அதற்குள் மூழ்கிவிடும். அச்சு வெட்டிய கைவினைஞர் மாதக்கணக்கில் உழைத்துச் செதுக்கிய நுணுக்கத்தை ஒரே வீச்சில் புதைத்துவிடுவது வருத்தத்துக்குரியது.

வண்ணத்தின் பதம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெல்லப்பாகுக்குக் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பதங்கள் இருப்பதைப்போல், தூரிகை அக்ரிலிக்குக்குப் பால்பதம். தட்டின் சரிவில் ஒரு துளியை இழுத்துவிட்டால் அது தடம் விட்டு மெதுவாக வழிய வேண்டும்; தண்ணீர்போல் ஓடினால் அதிகம் கரைத்தாகிவிட்டது, இட்லி மாவுபோல் நின்றால் கரைக்கவே இல்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவே சேர்க்க வேண்டும். அளவு மீறினால் பிசின் நீர்த்துப்போய் நிறமித் துகள்கள் ஒன்றையொன்று பற்றாமல், பள்ளங்களில் குளம் கட்டி, மேடுகளில் வெறுமையாக நிற்கும். இதைத் தவிர்க்கத் தண்ணீருக்குப் பதிலாக நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தால் ஒரு பகுதி நீர்ப்பது நல்லது; பிசின் குறையாமலே வண்ணம் மெலிகிறது. மூடி போட்ட டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் பேக்கரிகளில் பயன்படும் எண்ணெய்த்தாளை விரித்து, அதில் வண்ணத்தைக் குழைத்து வைத்தால், கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருப்பதால் பதம் மணிக்கணக்கில் கெடாது. ஈரத்தட்டு எனப்படும் இந்த எளிய ஏற்பாடு, விலையுயர்ந்த தூரிகை தரும் நன்மையைவிட அதிக நன்மை தரக்கூடியது.

தூரிகையைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் மிகச் சிறியதை நாடுகிறார்கள். புல்டோசரின் முன்தகட்டையோ என்ஜின் மூடியையோ பூச்சிய எண் தூரிகையால் பூசினால், நூறு இழுப்புகள் தேவைப்படும். முதல் இழுப்பு காயத் தொடங்கும்போது நாற்பதாவது இழுப்பு அதன்மேல் படும். பரப்பு இடம்தரும் அளவுக்கு அகலமான, மென்மையான செயற்கை நார்த் தட்டைத் தூரிகையே ஏற்றது. 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள இரண்டு இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும், மூலைகளுக்கு ஒரு வட்டத் தூரிகை போதும். நாரின் பாதி நீளம் வரை மட்டும் வண்ணத்தில் தோய்த்து, காகிதத்தில் ஒருமுறை தொட்டு மிகுதியை நீக்கி, பரப்பின் நடுவில் வைத்து விளிம்பை நோக்கி இழுத்து, விளிம்பில் அழுத்தாமல் தூக்கிவிட வேண்டும்; விளிம்பிலிருந்து தொடங்கினால் வண்ணம் அங்கே திரண்டு கரை கட்டும். அடுத்த இழுப்பு முந்தியதன் ஈர ஓரத்தைச் சற்றே தழுவிச் செல்ல வேண்டும். செங்குத்தான பக்கங்களைப் பூசும்போது மாதிரியைத் திருப்பி, அந்தப் பக்கம் மேல்நோக்கிக் கிடக்கும்படி வைத்துக்கொண்டால் வண்ணம் வழியாது. முதல் கோட்டு நீளவாக்கிலும் இரண்டாவது அகலவாக்கிலும் சென்றால், ஒன்றின் தடங்களை மற்றொன்று நிரப்பிவிடும்.

பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது என்ற விதிக்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. அக்ரிலிக் பால்மத்தில் பிசின் நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1953-ல் வீட்டு வண்ணங்களுக்கென இத்தகைய பால்மத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று நசுங்கி உருகிச் சேர்ந்து, மறுபடி தண்ணீரில் கரையாத ஒரே படலமாகின்றன. இந்த இணைப்பு நடந்துகொண்டிருக்கும் இடைநிலை, காய்ச்சிய பாலின் மேல் ஆடை படியும் நிலைக்கு ஒப்பானது. அப்போது கரண்டி பட்டால் ஆடை சுருங்கிக் கிழிவதைப்போல், தூரிகை பட்டால் படலம் கிழிந்து அடிப்பரப்பு வெளிப்படும். விடுபட்ட இடம் கண்ணில் உறுத்தினாலும் அதை அப்படியே விட்டு, அடுத்த கோட்டில் சரிசெய்வதே முறை. முதல் கோட்டு அழகாக இருக்காது. அழகாக இருக்க வேண்டியதும் இல்லை. சந்தன நிற அடிப்பூச்சின் மேல் மஞ்சளுக்கு மூன்று அல்லது நான்கு கோட்டுகளும், சாம்பலுக்கும் ராணுவப் பச்சைக்கும் இரண்டும், கறுப்புக்குச் சில வேளைகளில் ஒன்றும் போதும்.

கடைகளில் கிடைக்கும் வண்ணங்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. ஸ்பெயினின் வல்லேஹோ போன்ற நிறுவனங்கள் மாதிரிகளுக்கென்றே தயாரிப்பவை மிக நுண்ணிய நிறமி கொண்டவை, தண்ணீரில் கரைபவை, தூரிகைக்கு இணங்குபவை. ஜப்பானின் தமியா நிறுவனத்து அக்ரிலிக்கோ ஆல்கஹால் சேர்ந்த கரைப்பானைக் கொண்டது. விரைவில் காயும், இரண்டாம் கோட்டிலுள்ள கரைப்பான் முதல் கோட்டையே இளக்கிவிடும். அதைத் தூரிகையால் பூசுவோர் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவத்தைச் சில துளி சேர்த்து, ஓரிடத்தை ஒரே இழுப்பில் முடித்து, அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அறையில் காற்றோட்டமும் தேவை. இவை பெருநகர்க் கடைகளிலோ அஞ்சலிலோ வாங்க வேண்டியவை. சிற்றூர் எழுதுபொருள் கடையிலும் கிடைப்பவை கேமலும் ஃபெவிக்ரிலும்தான். துணி, களிமண், பலகை, கேன்வாஸ் ஆகியவற்றை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படும் இவ்வகை வண்ணங்கள் வெறும் பிளாஸ்டிக்கில் நகம் பட்டாலே உரிந்துவிடும், ஆனால் பிரைமரின் மேல் மெலிதாகப் பூசினால் குறை சொல்ல முடியாதபடி நிற்கும். நவராத்திரிக்கு முன் நிறம் மங்கிய கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய கைகளுக்கு இந்தக் குப்பிகள் பழக்கமானவை. அந்தக் கை பிளாஸ்டிக்குக்கு மாறுவது கடினமன்று. விலையுயர்ந்த வண்ணம் இல்லை என்று தயங்குவதற்கு நியாயமே கிடையாது.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்திருப்பதால், அங்கே காற்றின் ஈரம் சென்னையைப்போல் ஆண்டு முழுதும் கனத்திருப்பதில்லை. கோடையில் வறண்ட காற்றும் மின்விசிறியும் சேர்ந்தால் வண்ணம் தூரிகை நுனியிலேயே காயத் தொடங்கும். விசிறியை நிறுத்துவதும், நாரை அடிக்கடி நனைப்பதும், ரிடார்டர் ஒரு துளி சேர்ப்பதும் அப்போது தேவை. மழை மாதங்களில் மாறாக, தண்ணீர் போக வழியின்றிப் பூச்சு நெடுநேரம் ஈரமாகவே கிடந்து விளிம்புகளை நோக்கி நகரும். ஒவ்வொரு கோட்டையும் இன்னும் மெலிதாக இட்டு, இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். காற்றடிக்கும் காலத்தில் சயனைடு மேடுகளின் நுண்தூசி ஊருக்குள் பறப்பது அங்கே வாழ்வோர் அறிந்த துன்பம். ஈரப் பூச்சின் மேல் அது படிந்தால் மணல் தூவியது போலாகும் என்பதால், பூசி முடித்த பாகத்தை உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவைப்பது நல்லது. தூசி விழுந்துவிட்டால் காயும் வரை தொடாமல் இருந்து, பிறகு 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம்.

தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். அவர்களுக்கு நீண்ட ஓய்வு நேரம் இல்லை. ஆனால் அக்ரிலிக் பூச்சுக்கு வேண்டியதும் நீண்ட நேரம் அன்று, நீண்ட இடைவெளி. ஓர் இரவுக்கு ஒரு கோட்டு, அரை மணி நேரம். மறுநாள் இரவு வரை அது தானே இறுகும். ஞாயிற்றுக்கிழமை ஒரே அமர்வில் நான்கு கோட்டையும் முடிக்க முனைபவரைவிட இவ்வாறு செய்பவரின் மாதிரியே தூய்மையாக வரும்.

எல்லாக் கோட்டுகளும் முடிந்த பிறகும் பரப்பு திட்டாகத் தெரிந்தால், அது மூடாததால்தானா என்று சரிபார்ப்பது அவசியம். பூச்சு அடர்ந்த இடம் சற்றே மினுங்கியும், மெலிந்த இடம் மங்கியும் நிற்பதால், நிறம் ஒன்றாகவே இருந்தும் கண் அதை இரண்டாகக் காணும். விளக்கொளியில் மாதிரியைச் சாய்த்துப் பார்த்து, திட்டு இடம் மாறுகிறது என்றால் அது மினுக்கின் வேறுபாடு; அதற்கு இன்னொரு கோட்டு மஞ்சள் தேவையில்லை, மேட் அல்லது சாட்டின் வகை வார்னிஷ் ஒரு பூச்சு போதும்.

ஏனைய நிறங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். இரும்பு ஆக்சைடு நிறமிகள் இயல்பாகவே நன்கு மூடுவதால் சுரங்கக் கோபுரத்தின் துரு நிறம் எந்தக் கைக்கும் படியும். சாம்பல் பூச்சின் மேல் கிழித்த பஞ்சின் நுனியால் காவிச் சிவப்பை ஒற்றி எடுத்தால் துரு தானே பிறக்கும். பொன் நிறத்துக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அக்ரிலிக் பொன்வண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் மினுக்கும் மைகாச் செதில்கள். செதில்களுக்கு நடுவில் அடிப்பரப்பு தெரியும் என்பதால் காவிமஞ்சளோ செம்பழுப்போ அடியில் இட்டு, கடைசிக் கோட்டின் எல்லா இழுப்புகளையும் ஒரே திசையில் செலுத்த வேண்டும். உண்மைப் பொன்கூட, 0.1 மைக்ரான் அளவுக்கு அடித்து மெலிந்த இலையாகும்போது, அதை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை சாயலோடு ஒளியை ஊடுருவ விடும். அடிநிறத்தின் துணை அதற்கும் வேண்டியிருக்கிறது. சயனைடு மேட்டைக் காட்டும் காட்சி அமைப்பவர்கள் மேட்டு மண்ணையே அள்ளிவந்து ஒட்ட நினைக்கலாம்; 1887-ல் கண்டறியப்பட்ட சயனைடு முறையில் தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட நுண்ணிய பாறைத்தூள் அது, நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. வெள்ளையில் காவிமஞ்சளும் துளி சாம்பலும் கலந்தால் அந்த நிறம் அப்படியே கிடைக்கும்போது மண்ணைத் தொட வேண்டிய தேவை இல்லை.

மூடப்பட்ட சுரங்கங்களின் கோபுரங்கள் ஆண்டுதோறும் துருவேறிக் கரைந்துகொண்டிருக்கின்றன. அவை நிற்கும்போதே பாதுகாப்பான தொலைவிலிருந்து படமெடுத்து, வரைந்து, பிளாஸ்டிக் தகட்டிலும் கம்பியிலும் வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி வைக்க அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்கள் முன்வர வேண்டும். உண்மைச் சாம்பலும் உண்மைத் துருவும் கண்ணெதிரே இருக்கும்போது வண்ணத்தைக் கலந்து ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.